‘டிக்’ என்கிறது, வெடிக்கவில்லை: கிளப் பிஸ்டல் மக்கர் செய்தால்

சனிக்கிழமை காலைகளில், சிங்கப்பூரில் எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பின் ரேஞ்சில் உதவிக்கு நிற்பவன் நான். “அண்ணே, இந்தத் துப்பாக்கி சரியில்ல, வேற குடுங்க” என்பதுதான் அங்கே நான் அதிகம் கேட்கும் வாக்கியம். வேறு துப்பாக்கி கொடுப்பேன். பத்து நிமிடத்தில் அதுவும் சரியில்லாமல் போய்விடும். அதே கை, அதே மேகசின் (தோட்டாவை அடுக்கிப் பிடிக்குள் செருகும் கூடு), அதே தோட்டாப் பெட்டி. அப்புறம்தான் உட்கார்ந்து பார்ப்போம்.

பார்த்துப் பார்த்து மனப்பாடமானதை எழுதிவைக்கிறேன். பேச்சு முழுக்க ஸ்ட்ரைக்கர் வகை (உள்ளே ஓடும் ஊசி தோட்டாவின் அடியைக் குத்தும் வகை), கைக்கடக்கமான 9 மி.மீ பிஸ்டலைப் பற்றியது. குழல் சுமார் 10 சென்டிமீட்டர். அமெரிக்காவில் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நடக்க வாங்கும் ரகம் இது. அவர்களுக்கு வரும் தொல்லை வேறு: உள்சட்டைப் பஞ்சு, இடுப்பு வியர்வை, நாள்தோறும் ஏற்றி இறக்கியே தேய்ந்த தோட்டா. நமக்கோ அது ஆயுதக் கிடங்கிலிருந்து வருகிறது, கிடங்குக்கே திரும்பிப் போகிறது. அங்கே ஒரு துப்பாக்கிக்கு ஒரு கை. இங்கே ஒரு துப்பாக்கிக்கு நாற்பது கை. போன வாரம் என்ன ஆனது என்று இந்த வாரம் பிடிப்பவருக்குத் தெரியாது.

அதனால் முதலில் இரண்டு வேலை. மேகசின் ஒவ்வொன்றின் அடித்தட்டிலும் வெள்ளி மார்க்கரால் எண் எழுதுங்கள். ஒரு நோட்டு வையுங்கள்: தேதி, துப்பாக்கி எண், மேகசின் எண், எந்தப் பெட்டித் தோட்டா, யார் கை, என்ன நடந்தது. கீழே சொல்லப்போவதில் பாதியை அந்த நோட்டே கண்டுபிடித்துக் கொடுத்துவிடும்.

எந்தக் கோளாறானாலும் முதலில்

விரல் டிரிக்கரை விட்டு வெளியே. குழல் இலக்கை நோக்கியே இருக்கட்டும். இன்னொரு கையை உயர்த்துங்கள், ரேஞ்ச் ஆபிசர் வரட்டும். “என்ன ஆச்சுன்னு பாருங்க” என்று துப்பாக்கியோடு பக்கவாட்டில் திரும்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் கத்துவது அப்போது மட்டும்தான்.

காலி செய்யும் வரிசை: மேகசினை எடுப்பது முதலில், ஸ்லைடை, அதாவது முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகத்தை, இழுப்பது அப்புறம். மாற்றிச் செய்தால் ஸ்லைடு திரும்பும்போது மேகசினிலிருந்து புதுத் தோட்டா ஒன்று சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) ஏறிக்கொள்ளும். மேகசினைக் கழற்றிவிட்டு “காலி” என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். ஸ்லைடைத் திறந்து பூட்டி, கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள்.

என்.எஸ். (கட்டாய தேசிய சேவை) முடித்தவர்களுக்கு ஸ்டாப்பேஜ், அதாவது துப்பாக்கி நின்றுபோனது, என்றதும் கை தானாக ஓடும். தட்டு, இழு, சுடு. அமெரிக்கக் காணொளிகளிலும் அதையே சொல்வார்கள், ஏனென்றால் அங்கே எதிரில் ஆள் நிற்பதாகக் கணக்கு. நமக்கு எதிரில் இருப்பது காகிதம். அது திருப்பிச் சுடாது. நிதானமாகப் பாருங்கள்.

கோளாறு 1: தோட்டா சேம்பருக்குள் ஏறாமல் மூக்கை முட்டிக்கொண்டு நிற்கிறது

*முதல் தோட்டாவிலேயே என்றால்*

ஸ்லைடை எப்படி விட்டீர்கள்? புதியவர்கள் சத்தத்துக்குப் பயந்து, தூங்கும் குழந்தையின் அறைக் கதவைச் சாத்துவதுபோல, ஸ்லைடைக் கையோடு கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். ஸ்பிரிங்கின் முழு வேகம் கிடைக்காமல் தோட்டா பாதியில் நின்றுவிடும். முழுக்க இழுத்து, சட்டென்று விட்டுவிடுங்கள்.

மேகசின் முழுதாக உட்கார்ந்ததா என்றும் பாருங்கள். முழுக்க நிரப்பிய மேகசினை, ஸ்லைடு மூடியிருக்கும்போது ஏற்றுவது கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கும். உள்ளங்கையால் அடியில் ஒரு தட்டு, பிறகு கீழே இழுத்துப் பார்த்து உறுதி செய்தல், அவ்வளவுதான்.

*ஒரே மேகசினில் மட்டும் என்றால்*

நோட்டைப் புரட்டுங்கள். 4 என்று எழுதிய மேகசின் மூன்று வாரத்தில் மூன்று பேரிடம் மாட்டியிருந்தால் துப்பாக்கிமேல் பழி போடாதீர்கள். சிமெண்ட் தரையில் விழுந்து மேல் உதடு வளைந்திருக்கும், அல்லது உள்ளே அழுக்கு, அல்லது ஸ்பிரிங் சோர்ந்திருக்கும். காலி மேகசினில் மேல் தட்டை விரலால் அழுத்திவிட்டுப் பாருங்கள். புதியதைப்போல விறுவிறுவென்று மேலே வராமல் தயங்கினால் தனியே எடுத்து வையுங்கள். ஸ்பிரிங்கின் விலை இரண்டு தட்டு நாசி லெமாக்குக்கு மேல் போகாது. உதடு வளைந்த மேகசினை மட்டும் இடுக்கியால் நிமிர்த்தப் பார்க்காதீர்கள். அது குப்பைக்கு.

*எல்லா மேகசினிலும், எல்லார் கையிலும் என்றால்*

தோட்டாப் பெட்டியை மாற்றிப் பாருங்கள். மாட்டிய தோட்டாவை நல்ல தோட்டாவின் பக்கத்தில் நிறுத்துங்கள். குட்டையாகத் தெரிந்தால் குண்டு உறைக்குள் இறங்கியிருக்கிறது. அதை மறுபடி ஏற்றக் கூடாது, உள்ளே அழுத்தம் கூடிவிடும். ஒரே தோட்டாவைப் பலமுறை ஏற்றி இறக்கினால் இப்படி ஆகும். பெட்டி மாற்றியும் சரியாகவில்லை, சுத்தம் செய்தும் சரியாகவில்லை என்றால், துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரரிடம். தோட்டா சேம்பருக்குள் ஏறும் பாதையை வீட்டில் பாலிஷ் போடச் சொல்லும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். மறந்துவிடுங்கள்.

கோளாறு 2: காலி உறை வெளியே போகாமல் புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நிற்கிறது

சிறிய பிஸ்டலின் தனி நோய் இதுதான். இதில்தான் அதிக நேரம் செலவழித்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாக.

பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு பெண், முதல் மாதம். மூன்று தோட்டாவுக்கு ஒருமுறை எம்ப்டி (காலி உறை) நட்டுக்கொண்டு நிற்கும். “அங்கிள், எனக்கு மட்டும் ஏன் இந்தத் துப்பாக்கியைக் குடுக்குறீங்க?” என்று கேட்டாள். அதே துப்பாக்கி, அதே மேகசின், அதே பெட்டி, நான் ஐந்து சுட்டேன். ஐந்தும் வலப்பக்கம் பின்னால், இரண்டு மீட்டர் தள்ளி வரிசையாக விழுந்தன. அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு மணிக்கட்டை மட்டும் பார்த்தேன். வெடிக்கும் நேரத்தில் கை முழுதும் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

நடப்பது இதுதான். ஸ்லைடு பின்னால் போகும்போது கீழ்ச்சட்டம் அசையாமல் நிற்க வேண்டும். கையும் சேர்ந்து பின்வாங்கினால் ஸ்லைடு ஓட வேண்டிய தூரம் முழுதாக ஓடாது. பெரிய பிஸ்டலில் எடை கொஞ்சம் காப்பாற்றும். சிறியது இலேசு, ஸ்பிரிங்கும் விறைப்பு, அதனால் மன்னிக்காது.

*ஒருவர் கையில் மட்டும் என்றால்*

பிடியை எவ்வளவு மேலே ஏற்றிப் பிடிக்க முடியுமோ அவ்வளவு மேலே. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதை, பிடியின் பின்பக்க வளைவில் இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும். இடக்கை சும்மா தாங்கக் கூடாது, அழுத்த வேண்டும். மணிக்கட்டைப் பூட்டுங்கள். நான் அவளிடம் சொன்னது: “முழுசா நனைஞ்ச துணியை ரெண்டு கையால முறுக்கிப் பிழியறப்ப மணிக்கட்டு எப்படி இருக்கும், அந்த மாதிரி.” அன்றைக்கு மிச்சமிருந்த முப்பது தோட்டாவில் ஒன்றுகூட மாட்டவில்லை. துப்பாக்கியை நாங்கள் தொடவே இல்லை.

*எல்லார் கையிலும் என்றால்*

எம்ப்டி எங்கே விழுகிறது என்று பாருங்கள். காலடியிலேயே சொத்தென்று விழுந்தால் ஸ்லைடுக்கு உந்துதல் போதவில்லை: வலுக்குறைந்த தோட்டா, ஸ்லைடு ஓடும் தடத்தில் எண்ணெய் காய்ந்தது, அல்லது இப்போதுதான் மாற்றிய விறைப்பான ஸ்பிரிங். நாலாப் பக்கமும் ஒழுங்கில்லாமல் தெறித்தால், உறையைப் பிடித்து வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரைச் சந்தேகியுங்கள். வழக்கத்தைவிட வெகுதூரம் பறந்தால் ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம்.

சரிபார்க்கும் வரிசை: தோட்டாவை மாற்றுங்கள். 115 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) மாட்டினால் 124 கிரெய்ன் சுட்டுப் பாருங்கள். அடுத்து, தடம் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எண்ணெய். அடுத்து எக்ஸ்ட்ராக்டர் கொக்கி. ரேஞ்ச் ஆபிசர் காலி என்று உறுதி செய்தபின், பல்குச்சியால் கொக்கிக்கு அடியில் சுரண்டுங்கள். கறுப்பாக, காய்ந்த காப்பித்தூள் மாதிரி கட்டி வரும். அவ்வளவுதான் பலமுறை.

கொக்கியின் விளிம்பு சிதைந்திருந்தாலோ, எம்ப்டியின் விளிம்பு கடித்துக் கிழித்த மாதிரி இருந்தாலோ அங்கே நிறுத்துங்கள். ரீகாயில் ஸ்பிரிங் மாற்றுவதும் ஆர்மரர் வேலைதான். நோட்டில் சுட்ட எண்ணிக்கை 4,000-ஐ நெருங்கினால், கோளாறு இல்லாவிட்டாலும் நான் மாற்றச் சொல்லிவிடுவேன். மிகச் சிறிய ரகங்களில் அதற்கும் முன்னாலேயே.

கோளாறு 3: டிரிக்கரை இழுத்தால் ‘டிக்’, வெடிக்கவில்லை

அசையாதீர்கள். குழல் இலக்கை நோக்கியே 30 விநாடி இருக்கட்டும். தாமதித்து வெடிக்கும் தோட்டா அபூர்வம்தான், ஆனால் அது வெடிக்கும் நேரத்தில் உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. பிறகு மேகசின், ஸ்லைடு, தோட்டாவை எடுத்து அதன் அடியில் தீ மூட்டும் பிரைமரைப் பாருங்கள். விடை அங்கே குத்தியிருக்கும்.

*ஆழமான குழி:* துப்பாக்கி தன் வேலையைச் செய்துவிட்டது. தோட்டா சொத்தை. ரேஞ்ச் ஆபிசரின் பெட்டியில் போடுங்கள், இன்னொருமுறை முயலாதீர்கள். ஒரே பெட்டியில் இரண்டு மூன்று வந்தால் பெட்டியையே ஒதுக்குங்கள்.

*இலேசான குழி:* ஸ்லைடு முழுதாக மூடவில்லை, அல்லது ஸ்ட்ரைக்கர் ஓடும் குழாயில் பிசுக்கு. இதற்குக் காரணம் பெரும்பாலும் நம் பாசம்தான். ராணுவத்தில் துப்பாக்கியை எண்ணெயில் குளிப்பாட்டிப் பழகிய கை, இங்கேயும் குளிப்பாட்டும். ஸ்ட்ரைக்கர் குழாய்க்கு எண்ணெய் வேண்டாம், அது உலர்ந்தே இருக்க வேண்டும். எண்ணெய் இறங்கினால் கரியோடு கலந்து கூழாகி ஸ்ட்ரைக்கரின் வேகத்தைத் தின்றுவிடும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்வது உறுப்பினர் வேலையில்லை.

*குழியே இல்லை:* முறிந்த ஸ்ட்ரைக்கராக இருக்கலாம். அல்லது ஸ்லைடு கால் சென்டிமீட்டர் திறந்தே நின்றிருக்கும். தோட்டாவே ஏறாமல் இருந்திருக்கவும் கூடும், மேகசின் சரியாக உட்காராத அதே பழைய கதை. முதலில் சொன்னது என்றால் ஆர்மரர்.

கோளாறு 4: சத்தம் ‘சப்’ என்று அடங்கி வந்தது, உதையும் இல்லை

இதில் சரிபார்க்க உங்களுக்கு ஒன்றுமில்லை. சுடுவதை நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் உப்பும், வெடிக்கவும் செய்யும். காகிதத்தில் புது ஓட்டை இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு “இருக்கே” என்று தொடர்ந்த ஒருவரைக் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். அவர் பார்த்தது பழைய ஓட்டை. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கையை உயர்த்துங்கள். குழலைப் பார்ப்பது, குண்டை எடுப்பது எல்லாம் ஆர்மரர்.

கோளாறு 5: கடைசித் தோட்டா போனபின் ஸ்லைடு திறந்து நிற்கவில்லை

உங்கள் கட்டைவிரல் ஸ்லைடு நிறுத்தும் நெம்பின்மேல் படுத்திருக்கிறது. சிறிய பிஸ்டலில் எல்லாம் நெருக்கம், விரல் வைக்க இடமில்லை. கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு சுட்டுப் பாருங்கள். இன்னும் நிற்காவிட்டால் மேகசின் ஸ்பிரிங். நடுவிலேயே, தோட்டா மிச்சமிருக்கும்போதே திறந்து நின்றால் அதுவும் அதே விரல்தான், இம்முறை கீழிருந்து மேலே தள்ளுகிறது.

கோளாறு 6: எல்லாம் இடப்பக்கம் கீழே விழுகிறது

வலக்கைக்காரர் என்றால், குறிபார்க்கும் சைட்டைத் தொடாதீர்கள். வேறொருவரை ஐந்து சுடச் சொல்லுங்கள். அவருக்கு நடுவில் விழுந்தால் கோளாறு துப்பாக்கியில் இல்லை, உங்கள் கையில். நம்பாதவர்களுக்கு, ரேஞ்ச் ஆபிசர் அனுமதியோடு, வெடிக்காத டம்மித் தோட்டாவை மேகசினில் எங்காவது கலந்து கொடுப்பேன். டம்மி வரும் நேரத்தில் ‘டிக்’ என்ற சத்தத்தோடு குழல் மூக்கு கீழே குனியும். அதைத் தானே பார்த்தபின் யாரும் வாதாடியதில்லை. நாலு பேர் சுட்டும் ஒரே இடத்தில் தள்ளி விழுந்தால் மட்டும் சைட்டை ஆர்மரர் தட்டி நகர்த்துவார்.

கோளாறு 7: துரு

சிங்கப்பூரில் காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுக்கச் சராசரி 80 விழுக்காட்டுக்கு மேல். அதன்மேல் நாற்பது கையின் உப்பு. பிளாஸ்டிக் சட்டம், கறுப்பு மெருகு என்று நம்பி விட்டால், மெருகு தேய்ந்த இடத்தில் செம்பழுப்பு எட்டிப் பார்க்கும். முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்: பின்சைட்டின் அடி, சட்டத்திலுள்ள பின்களின் தலை, மேகசினின் இரும்பு உடல், எக்ஸ்ட்ராக்டரின் வெளிமுகம்.

ஒருமுறை ஒரே துப்பாக்கியில், ஒரே இடத்தில், மூன்று மாதமாகத் துரு வந்துகொண்டே இருந்தது. ஸ்லைடின் வலப்பக்கம், விரல் அகலத்தில் ஒரு கோடு. துடைப்போம், எண்ணெய் போடுவோம், மறுபடி வரும். யாருடைய வியர்வையோ அமிலம் மாதிரி இருக்கிறது என்று உறுப்பினர்களையெல்லாம் சந்தேகப்பட்டோம், ஒருவர் கோபித்துக்கொண்டும் போனார். கடைசியில் எங்கள் ஆர்மரர், எழுபதை நெருங்கும் சீனப் பெரியவர், துப்பாக்கியைப் பார்க்கவே இல்லை. அது படுத்திருந்த பெட்டியின் பஞ்சைக் கட்டைவிரலால் அழுத்தினார். அந்த இடம் மட்டும் ஈரம். எப்போதோ யாரோ நனைந்த கையோடு வைத்த துப்பாக்கியின் ஈரத்தைப் பஞ்சு குடித்துவிட்டு மாதக்கணக்கில் வைத்திருந்தது.

அன்றிலிருந்து பஞ்சுப் பெட்டி கொண்டுபோகவும் வரவும் மட்டும். தங்குவதற்கு, கேமரா வைத்திருப்பவர்கள் வாங்கும் அதே டிரை கேபினெட் (ஈரத்தை இழுக்கும் அலமாரி), உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு.

*மேலோட்டமான செம்பழுப்பு:* எண்ணெய் தொட்ட ஃபிளானலெட் துணி, நைலான் பிரஷ். உப்புத்தாள், இரும்பு நார் வேண்டவே வேண்டாம். மெருகு சேர்ந்து போய்விடும்.

*துடைத்தபின் குழியாகத் தெரிந்தால், அல்லது குழலுக்குள் என்றால்:* ஆர்மரர்.

சுத்தம் செய்து முடித்ததும் சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கை கழுவிவிட்டு அப்புறம் கோப்பிக் கடைக்குப் போங்கள். விரலில் ஈயம் இருக்கும். கறிப்பஃபோடு சேர்த்துச் சாப்பிட வேண்டாம்.

எங்கே கையை எடுக்க வேண்டும்

மேலே ‘ஆர்மரர்’ என்று இத்தனை முறை சொன்னதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் ஒருவர் சமையலறை மேசையில் டிரிக்கரை மாற்றுவார், ஸ்பிரிங்கை வெட்டுவார். இங்கே பழுது பார்ப்பதும் மாற்றி அமைப்பதும் உரிமம் உள்ளவர் வேலை. ஆயுதக் குற்றச் சட்டம் 1973-இலிருந்து இருக்கிறது. அனுமதியில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. ஒரு ஸ்பிரிங்கைப் பைக்குள் போட்டு “வீட்டில் பார்த்துக்கொண்டு வருகிறேன்” என்று கிளம்புவது விளையாட்டில்லை. உறுப்பினர் எல்லை: மேகசின், தோட்டா, பிடி, துடைப்பது, எண்ணெய். அதற்குமேல் துப்பாக்கியில் சிவப்புச் சீட்டைக் கட்டி, அறிகுறியை எழுதி, கிடங்கில் விடுங்கள். ‘சரியில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். பெரியவர் அந்தச் சீட்டை உங்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

கோளாறு 8: கணக்கு ஒத்துவரவில்லை

50 வாங்கினீர்கள், 49 எம்ப்டிதான் தட்டில் இருக்கிறது. இதுவும் கோளாறுதான், எங்கள் ரேஞ்சில் ஆகப் பெரியது. யாரும் வெளியே போகக் கூடாது.

தேடும் வரிசை: முதலில் துப்பாக்கியின் சேம்பர், ஆம், அங்கேயே. அடுத்து மேகசின்கள் எல்லாம். அடுத்து பக்கத்தில் சுடுபவரின் தட்டு, அவருக்கு 51 இருக்கிறதா என்று. அடுத்து தரையின் ரப்பர் விரிப்பு மடிப்பு, காலணி அடியின் பள்ளம். அதன்பின் உடம்பு: சட்டைப் பை, முழங்கால் மடிப்பு, கழுத்துப்பட்டி.

சென்ற மழைக்காலத்தில் 40 நிமிடம் தேடினோம். விளக்கடித்து, குப்பைத் தொட்டியைக் கவிழ்த்து. தொலைத்தவர் பாவம், முகம் வெளுத்து, ஏசியில் குளிர்ந்து, ஹூடியின் தொப்பியை இழுத்துத் தலைக்குமேல் போட்டார். உள்ளேயிருந்து ‘ணங்’ என்று தரையில் விழுந்தது.

“அம்பது,” என்றார் ரேஞ்ச் ஆபிசர். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தார்.